ஜி.பி.எஸ். பொருத்திய வண்டியும் திருடு போகும்

சென்ற வாரம் காரைக்குடியில் உள்ள என் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். எப்போதும் இருசக்கர வண்டியில் வருபவர் அன்று நடந்து வந்ததிலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. கைபேசியை நீட்டி, "அண்ணே, ஜி.பி.எஸ். மாட்டித்தானே குடுத்தீங்க, வண்டி எங்க நிக்குதுன்னு காட்டவே மாட்டேங்குதே" என்றார். செயலியில் கடைசியாகப் பதிவாகியிருந்த இடம் அவருடைய வீட்டு வாசல். நாளோ 41 நாட்களுக்கு முந்தையது. கருவிக்குள் இருந்த சிம்மின் ரீசார்ஜ் அன்றுதான் முடிந்திருந்தது, வண்டி போனதோ அவர் என் கடைக்கு வந்ததற்கு முந்தின நாள் இரவு. இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர் என்பதால், வாயால் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜி.பி.எஸ். பொருத்திவிட்டால் வண்டி திருடு போகாது என்று நம்புகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கருவி எந்தத் திருடனையும் தடுக்காது. அது பூட்டும் அன்று, காவலாளியும் அன்று. வண்டி போன பிறகு எங்கே போயிற்று என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் படித்தவர்களே என்னிடம் பேசுகிறார்கள். செயற்கைக்கோளுக்கு நம் வண்டி இருப்பதே தெரியாது. அது அனுப்பும் குறிப்பலைகளை வாங்கி, தான் இருக்கும் இடத்தைக் கருவியே கணக்கிட்டுக்கொள்கிறது. அந்தக் கணக்கை நம் கைபேசிக்குக் கொண்டு சேர்ப்பது உள்ளே இருக்கும் சிம். ஆகவே சிம் செத்தால், கருவி தன் இடத்தைத் தனக்குத்தானே தெரிந்துவைத்துக்கொண்டு வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்கும். கைபேசிக்கு ரீசார்ஜ் முடிந்தால் அரை மணி நேரம் பொறுக்காதவர்கள், வண்டிக்குள் இருக்கும் சிம்மை மாதக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். ஓராண்டுக்கான கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, முடியும் தேதியை ஆர்.சி. புத்தகத்தோடு எழுதி வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. மின்வேதியியலுக்கென்றே சிக்ரி ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊரில் பேட்டரிக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நிறுத்திவைத்த வண்டியிலும் கருவி மின்சாரம் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர்-மணி. ஸ்கூட்டரில் இருப்பது 4 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால், புதிதாக இருந்தாலும் எட்டு நாளில் காலி. நம் பக்கத்திலோ வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போகிறவர்கள் வண்டியை வளவுக்குள் நிறுத்திவிட்டு, திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோதான் திரும்பி வருகிறார்கள். அத்தகையோர், ஓய்வு நிலையில் மிகக் குறைவாக மின்சாரம் எடுக்கும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும்; அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி வாரம் ஒருமுறை வண்டியை ஓட்டச் சொல்ல வேண்டும்.

வண்டியில் கை வைக்கும்போதே தடுக்க வேண்டுமானால், அதற்குரியது அலாரமும் பூட்டும்தான். ஆனால் அலாரம் என்பது கேட்பதற்கு ஆள் இருந்தால் மட்டுமே பயன்படும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெருவின் இரு பக்கமும் பெரிய வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும்போது, நள்ளிரவில் அது எவ்வளவு அலறினாலும் யார் கதவைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? அங்கே உங்கள் கைபேசிக்கு அழைப்பு அனுப்பும் வகையே உதவும். ஆள் நடமாட்டமுள்ள பேருந்து நிலையம், சந்தை, கோயில் வாசல் போன்ற இடங்களில் ஒலிக்கும் அலாரம் நல்லதுதான். ஆனால் அதிர்வு உணரியின் கூர்மையைச் சரியாக வைக்க வேண்டும். பக்கத்தில் லாரி போனதற்கெல்லாம் கத்தும் அலாரத்தைத் தெருக்காரர்கள் நான்காம் நாளிலிருந்து திரும்பிப் பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள் உரிமையாளரே அணைத்துவிடுகிறார்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. கருவி 2ஜியா 4ஜியா என்று கேளுங்கள். ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது என்பதால், 2ஜி கருவியை வாங்கி ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து பயனில்லை. உள்ளே தனி பேட்டரி இருக்கிறதா, வண்டியின் பேட்டரி ஒயரைக் கழற்றினால் உடனே செய்தி வருமா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஏனெனில் விவரம் தெரிந்த திருடன் முதலில் தொடுவது அந்த ஒயரைத்தான். அலாரத்தின் ரிமோட் ஒவ்வொரு முறையும் குறியீட்டை மாற்றிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். கைபேசியிலிருந்தே எஞ்சினை நிறுத்தும் வசதியை எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். ஓடும் வண்டியில் அது எஞ்சினை நிறுத்தினால் ஆள் விழுவான், அதற்காகப் பொருத்தும் ரிலே என்ற சுவிட்ச் மலிவானதாக இருந்து பழுதானால் திருச்சி சாலையில் விழப்போவது நீங்கள்தான். மேலும், வண்டியைத் தூக்கிக் குட்டியானை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு எஞ்சினே தேவையில்லை. ஏ.ஐ.எஸ். 140 தரச் சான்று இருந்தால்தான் வாங்க வேண்டும் என்று யாராவது விலையை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள், அது பேருந்து, டாக்சி போன்ற பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கான விதி.

சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் வில்லையை சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுப் போதும் என்று இருப்பவர்களும் உண்டு. அருகில் கடந்துபோகும் பிறர் கைபேசிகளை நம்பித்தான் அது இயங்குகிறது. கண்மாய்க்கரையில் ஆள் வராத இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டால் யார் கைபேசி அதைக் காணும்? போதாக்குறைக்கு, தன்னோடு அந்நிய வில்லை ஒன்று வருகிறது என்று சில கைபேசிகள் திருடனுக்கே சொல்லிவிடும்.

பொருத்தும் வேலையில் ஒயரை வெட்டி ஒட்டாமல், செருகி மாட்டும் கப்ளர் வழியாக இணைக்கச் சொல்லுங்கள். வெட்டினால் உத்தரவாதத்தில் தகராறு வரும். கருவி வானத்தைப் பார்க்க வேண்டும், இரும்பு டேங்குக்கு அடியில் திணிக்கக் கூடாது. எங்கே வைத்திருக்கிறது என்பதை நண்பர்களிடம் பெருமைக்குச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி போய், செயலியில் இடம் தெரிந்தால், தயவுசெய்து தம்பிகளைக் கூட்டிக்கொண்டு நீங்களே துரத்திப் போகாதீர்கள். அந்த இணைப்போடு காவல் நிலையத்துக்குப் போய், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 303(2) பிரிவில் முதல் தகவல் அறிக்கை பதியச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். காப்பீட்டில்தான் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. புது வண்டிக்கு 5 ஆண்டுக் காப்பீடு இருப்பதாகப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் அந்த 5 ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு உரியது. திருட்டுக்கு ஈடு தரும் பகுதி பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதைப் புதுப்பிக்காதவருக்கு ஒரு ரூபாயும் வராது. புதுப்பித்தவரிடமும் இரண்டு அசல் சாவிகளைக் கேட்பார்கள். என்னிடம் வந்த இளைஞரிடம் ஒன்றுதான் இருந்தது. மற்றொன்று சீட்டுக்கு அடியில் இருந்த டூல்ஸ் பையில் போய்விட்டது.