ஆயா: ஒரே உச்சரிப்பு, இரண்டு பூர்வீகம்

"எங்க ஆயா" என்று காரைக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னால் அது அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி. அதையே சென்னையில் ஒரு யூ.கே.ஜி. குழந்தை சொன்னால், பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வருகிற, இறுகிப்போன டிபன் டப்பா மூடியைத் திறந்து கொடுக்கிற அம்மா. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. ஆனால் இரண்டும் ஒரே சொல் இல்லை. ஒன்று இந்த மண்ணில் முளைத்தது, இன்னொன்று கப்பலில் வந்து இறங்கியது.

மண்ணில் முளைத்ததை முதலில் பார்ப்போம். பழைய தமிழில் தாயைக் குறிக்க ஒரு கூட்டமே இருந்தது. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் அவன் தாய். குறுந்தொகையில் 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்று வருவது இந்தக் கணக்கில்தான். ஆய், ஆயி, ஆத்தா எல்லாம் இதே உறவுக்குள் வருகிற சொற்கள், பாட்டியைக் குறிக்கும் ஆயாவும் அப்படியே. இதில் சம்பளம், வேலை நேரம் எதுவும் கிடையாது.

கப்பலில் வந்த ஆயா போர்த்துகீசியச் சொல். பெரிய இடத்துப் பிள்ளைகளைக் கூடவே இருந்து வளர்த்து, பேச்சும் பழக்கவழக்கமும் சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு அங்கே 'ஆயா' என்று பெயர், அதே வேலையைச் செய்யும் ஆணுக்கு 'ஆயோ'. நமக்கு ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாம் வந்து சேர்ந்த அதே வழியாகத்தான் இதுவும் வந்தது. இன்னும் ஒரு படி பின்னால் போனால் அகராதிக்காரர்கள் இலத்தீன் மொழியின் 'அவியா'வைக் காட்டுகிறார்கள், அதற்கு அர்த்தம் பாட்டி. ஆக இரண்டு சொல்லும் கடைசியில் ஒரு பாட்டி வீட்டு வாசலில்தான் போய் நிற்கின்றன, பாட்டிகள்தான் வேறு வேறு.

கவனிக்க வேண்டியது, போர்த்துகீசிய ஆயா வெறும் வேலைக்காரி இல்லை, பாதி ஆசிரியை. இந்தியாவுக்கு வந்து ஆங்கிலேயர் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பாதி கழன்றுவிட்டது. 1886 இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி ஆயாவுக்குச் சொல்லும் பொருள் துரைசானியின் பணிப்பெண், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதி, அவ்வளவுதான். துரைமார் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கூட்டிப்போவார்கள். அங்கே போனபின் திரும்பி வர வழியில்லாமல் நின்ற ஆயாக்கள் எத்தனையோ பேர். அவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஹாக்னி பகுதியில் 'ஆயாக்கள் இல்லம்' நடந்தது. 2022 இல் அந்தக் கட்டடத்தில் நீல நினைவுப் பலகை பதித்தார்கள். பாதிக் கடல் தாண்டிக் கைக்குழந்தையைச் சமாளித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்தத் திறமைக்கென ஒரு பெயர் வாய்க்கவில்லை.

சரி, ஆயா வருவதற்கு முன்னால் நம்மிடம் இந்த வேலைக்குச் சொல்லே இல்லையா? இருந்தது, நல்ல சொல்லாகவே இருந்தது. செவிலி. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். சங்கப் பாட்டில் செவிலி என்பவள் ஏவிய வேலையைச் செய்துவிட்டு ஓரமாக நிற்கிறவள் இல்லை. வீட்டுப் பெண்ணின் முகம் வாடினால் முதலில் கேட்பது அவள், தோழி உண்மையைச் சொல்வது அவளிடம், அதை நற்றாய்க்கு எடுத்துச் சொல்வதும் அவள். அந்தத் தோழியே செவிலியின் மகள்தான் என்கிறது தொல்காப்பியம்.

நற்றிணை 110 ஆம் பாட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், போதனார் பாடியது. தேன் கலந்த பால் பொற்கிண்ணத்தில், இன்னொரு கையில் பூப்போல மெத்தென்ற நுனி கொண்ட சின்னக் கோல், 'உண்' என்று ஓங்குகிறார்கள். குழந்தை சிலம்பு கலகலக்கப் பந்தல் பக்கம் ஓடுகிறது. நரை விழுந்த கூந்தலோடு செவிலியர் பின்னால் ஓடிக் களைத்துப்போய் நின்றுவிடுகிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சாப்பாட்டு நேரம்! இன்றைக்கு எந்தக் காப்பகத்தில் மதியம் 12 மணிக்குப் போய் நின்றாலும் இதேதான் நடக்கும், பொற்கிண்ணத்துக்குப் பதில் எவர்சில்வர் தட்டு. கோலின் நுனியில் பூ வைத்தவர்களுக்கு, குழந்தையை அடிக்கக்கூடாது, ஆனால் அடிப்பது போலக் காட்டினால்தான் வேலை நடக்கும் என்கிற குழப்பமும் இருந்திருக்கிறது பாருங்கள்.

நிகண்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் இந்த வேலையைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஐவகைத் தாயர் என்று ஒரு வரிசை உண்டு. ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடி பயிற்றுவாள், கைத்தாய். குளிப்பாட்டுகிறவள், ஊட்டுகிறவள், தாலாட்டித் தூங்கவைக்கிறவள், பேச்சுப் பழக்குகிறவள், கையில் ஏந்தி வைத்திருக்கிறவள். நாலாவதைப் பாருங்கள். பேசவைப்பது தனி வேலை, அதற்குத் தனி ஆள் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் இதே கண்ணோடு பார்த்தவைதான். ஐந்தாம் மாதம் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி. இன்றைக்குப் பயிற்சி வகுப்பில் சுவரில் மாட்டி, எந்த மாதம் தலை நிற்கும், எந்த மாதம் உட்காரும், எப்போது தாண்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற அட்டவணைக்கு இதைவிடப் பக்கத்துச் சொந்தம் வேறு இல்லை.

அப்புறம் செவிலி எங்கே போனாள்? ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நர்ஸுக்குத் தமிழ் தேடியபோது செவிலியர் என்று வைத்தோம், அது நன்றாகவே ஒட்டிக்கொண்டது, இனி பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டாம். ஆனால் அவள் எழுந்துபோன இடம் காலியாகிவிட்டது, அந்த இடத்தில் துடைப்பமும் கையுமாக ஆயாவை நிற்கவைத்துவிட்டோம்.

பெயர் எப்படியோ போகட்டும், வேலை நடந்தால் சரி என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48 ஆம் பிரிவு, பெண் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், அந்த அறை குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் எழுதியது. 'பயிற்சி பெற்ற' என்கிற அந்தச் சொல் மட்டும் நடைமுறையில் எப்படியோ உதிர்ந்துபோனது. ஏனென்றால் ஆயா என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டால், ஆயாவுக்கு எதற்குப் பயிற்சி, நாலு பிள்ளை பெற்றவள்தானே என்று அடுத்த வாக்கியம் தானாக வந்துவிடுகிறது.

அங்கன்வாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். (இந்தப் பெயரும் ஒரு வேடிக்கை. இந்தியில் முற்றத்துக்கு ஆங்கன், அதிலிருந்து வந்தது. நம் குறளில் 'அங்கணத்துள் உக்க அமிழ்து' இருக்கிறது, அந்த அங்கணமும் முற்றம்தான். வாடியும் மரவாடி, மீன்வாடி என்று பழகிய சொல், அதனால் யாருக்கும் வேற்றுமொழி என்றே தோன்றவில்லை. அதற்கு முந்தைய பால்வாடி இதைவிட மோசம், அங்கே 'பால்' என்றால் குழந்தை, நாம் அதைக் குடிக்கிற பாலாகவே கேட்டுப் பழகிவிட்டோம்.) 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் ஒரு மையத்துக்குப் பொதுவாக இரண்டு பேர், பணியாளர், உதவியாளர். ஊரில் பணியாளரை டீச்சர் என்பார்கள், உதவியாளரை ஆயா என்பார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ முடித்த பணியாளர்களுக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஓராண்டுப் பட்டயம் என்று சொன்னது. அந்தக் கொள்கையோடு எனக்குச் சண்டை நிறைய, அது வேறு கதை. ஆனால் அந்த வரியிலும் டீச்சர்தான் இருக்கிறார், ஆயா இல்லை. குழந்தைக்குக் கை கழுவிவிடுவது, சோறு ஊட்டுவது, ஈரமான ஜட்டியை மாற்றுவது, அழுதுகொண்டே வரும் பிள்ளையை வாசலில் வாங்கிக்கொள்வது எல்லாம் யார்? மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை கற்றுக்கொள்வதில் பெரும்பங்கு இந்த நேரங்களில்தான் நடக்கிறது, கரும்பலகை முன்னால் இல்லை.

என் அக்கா மகன் ஒன்றேமுக்கால் வயதில் கடிக்கிற பிள்ளையாக இருந்தான். முதலில் சேர்த்த காப்பகத்தில் தினமும் புகார், 'ரொம்பச் சேட்டை' என்று. திருப்பிக் கடித்துக் காட்டுங்கள், உதட்டில் மிளகாய் தடவுங்கள் என்று அங்கேயே யோசனையும் கிடைத்தது. இடம் மாற்றினோம். இரண்டாவது இடத்தில் குழந்தை வளர்ச்சியில் ஓராண்டுப் பட்டயம் படித்த ஓர் அம்மா இருந்தார். அவர் முதல் வாரம் அவனைத் திருத்தவே இல்லை, எப்போது கடிக்கிறான் என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பெரும்பாலும் 11 மணி வாக்கில், பசி நேரம், அதுவும் கையில் இருக்கும் மஞ்சள் லாரியை யாராவது பிடுங்கும்போது. நொறுக்குத்தீனியை பத்தரைக்கு மாற்றினார். கடி விழுந்தால் முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போவார், தடவிக்கொடுப்பார். பிறகு இவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, கத்தாமல், "கடிச்சா வலிக்கும். லாரி வேணுமா? 'தா'ன்னு கேளு. தா." கையையும் நீட்டிக் காட்டுவார். மூன்று வாரம் ஆனது. ஒருநாள் அவன் பல்லைக் காட்டிக்கொண்டே பக்கத்துப் பிள்ளையிடம் கையை நீட்டி 'தா' என்றான். பல் வேலை செய்த இடத்தில் ஒரு எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. நொடி பயிற்றுவாள் என்று நிகண்டில் படித்தபோது எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

சேட்டை என்கிற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். வடமொழியில் சேஷ்டா என்றால் உடல் அசைவு, செயல், நடந்துகொள்ளும் விதம், அவ்வளவுதான், அதில் குறும்பு கிடையாது. தமிழுக்கு வந்தபின் பெரியவர்களுக்குத் தொல்லையான அசைவு மட்டும் சேட்டையாகிவிட்டது. (மூதேவிக்கும் சேட்டை என்று பெயர் உண்டு, அது ஜ்யேஷ்டாவிலிருந்து வந்த வேறு சொல்.) பழைய பொருளே நல்ல பொருள். அந்த அம்மா நோட்டில் குறித்தது அதைத்தான், தீர்ப்பு எழுதாமல் அசைவை எழுதினார்.

இலங்கை மலையகத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரைப் பயிற்சி பெற்றவராக மதிக்கிற மாற்றம் பெயரிலேயே நடந்தது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்குப் பிள்ளைமடுவம், பிள்ளைக்காம்பரா என்று பெயர். காம்பரா என்றால் அறை. இப்போது பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று இருக்கும், பொறுப்பில் இருப்பவர் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயர் வாய்க்குள் நுழையச் சிரமப்படுகிறது, என் காதுக்குப் பிள்ளைக்காம்பராதான் இனிக்கிறது. ஆனால் உத்தியோகத்தர் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பயிற்சி வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? குழந்தைப் பராமரிப்பாளர் என்பது அரசு ஆவணங்களில் ஓடுகிறது. பொருள் சரி, ஆனால் பராமரிப்பு என்றதும் எனக்கு 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை' நினைவுக்கு வந்துவிடுகிறது. காப்பாளர் என்றால் விடுதி வார்டன், கையில் வருகைப் பதிவேடு. தாதி என்பது இலங்கையிலும் மலேசியாவிலும் நர்ஸ். செவிலியை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

நான் குழந்தை வளர்ப்பாளர் என்றே எழுதுகிறேன். அங்கன்வாடித் திட்டத்தின் பெயரிலேயே வளர்ச்சி இருக்கிறது, வளர்ச்சிக்குத் துணைநிற்பவர் வளர்ப்பாளர், யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோழிவளர்ப்பு, நாய்வளர்ப்பு ஞாபகம் வருகிறதே என்று ஒரு நண்பர் சொன்னார், வரட்டும், பிள்ளைவளர்ப்பும் அதே தமிழில்தானே இருக்கிறது. இன்னொன்று, தாலாட்டில் 'கண்வளராய்' என்றால் தூங்கு என்று அர்த்தம். ஓலுறுத்துவாள் வேலையும் இந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகிறது. இதெல்லாம் படிவத்திலும் சான்றிதழிலும் சம்பளப் பட்டியலிலும் எழுத. கூப்பிடுவதற்கு அக்கா, அத்தை, டீச்சர், எது வாயில் வருகிறதோ அது. பிள்ளைகள் ஆயா என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் சொல்வது அநேகமாகக் காரைக்குடி ஆயாதான்.

போன வாரம் அக்கா மகனைக் கூட்டிவரப் போனபோது அதே காப்பகத்தின் கேட்டில் புதிதாக ஓர் அட்டை தொங்கியது. 'ஆயா தேவை. காலை 8 முதல் மாலை 6 வரை. சமையல் தெரிந்திருந்தால் நல்லது.'