சுகர் இருப்பவர்களின் தாடை எலும்புக்குச் சொந்த ரத்தமே உதவுமா?

“சுகர் இருக்கு டாக்டர், பல்லைப் பிடுங்கினா புண் ஆறாதாமே?” என்று கேட்காதவர்கள் குறைவு. இந்தப் பயத்திலேயே பலர் ஆடும் பல்லையும் சீழையும் மாதக்கணக்கில் வாயில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொற்றே சுகரை ஏற்றிவிடும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பயத்தில் பாதி நியாயம் உண்டு. பல் எடுத்த குழியில் முதலில் ரத்தம் உறைய வேண்டும். அந்த உறைவுக்குள் புது ரத்தக் குழாய்கள் வளர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் குழி எலும்பாகிறது. சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால் அது கொலாஜன் புரதத்தில் ஒட்டி அதை விறைப்பாக்கிவிடும். எலும்பைக் கட்டும் செல்கள் மந்தமாகும், கிருமியோடு சண்டையிடும் வெள்ளையணுக்களும் சுணங்கிவிடும்.

இங்கேதான் பிஆர்எஃப் கைகொடுக்கிறது. உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் பல் குழியில் வைக்கும் ஒரு கட்டி அது. 2001இல் பிரான்ஸில் ஜோசப் ஷூக்ரூன் அறிமுகப்படுத்திய முறை இது. கையிலிருந்து 10 மில்லி டியூபில் ரத்தம் எடுப்போம். உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் டியூபில் கிடையாது. அதனால் ஓரிரு நிமிடத்துக்குள், ரத்தத்தை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் வைத்தாக வேண்டும். நர்ஸ் நரம்பு தேடித் தடுமாறினால் எனக்கு வியர்க்கும்! நிமிடத்துக்கு 2700 சுற்று, 12 நிமிடம். நின்றதும் பார்த்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே வெளிர்மஞ்சள் நீர், நடுவில் நுங்கு மாதிரி ஒரு கட்டி, அதுதான் பிஆர்எஃப். அதை இடுக்கியால் தூக்கி, ஒட்டியிருக்கும் சிவப்பைக் கத்தரித்து, குழியில் வைத்துத் தைத்துவிடுவோம். ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரத வலைதான் அந்தக் கட்டி. அதில் சிக்கிய தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் ஒரு வாரத்துக்கும் மேலாக, புண் ஆறத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும்.

இதை ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ரத்தம்தான், வேறொன்றுமில்லை.

பலன் எவ்வளவு? ஈறு சீக்கிரம் மூடுகிறது, வலியும் குறைகிறது. எலும்பு விஷயத்தில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. எலும்பு நிறையக் கரைந்திருந்தால் பிஆர்எஃப் மட்டும் போதாது, எலும்புத் தூளும் கலந்து வைக்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். சுகர் எகிறியிருப்பவரின் தட்டணுக்களும் அதே சர்க்கரையில் ஊறியவைதானே? அதனால்தான் டியூபை எடுப்பதற்கு முன், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் கேட்கிறேன். 7ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 10, 11 என்று வந்தால், பல் போன இடத்தில் எலும்பில் பொருத்தும் செயற்கை வேரான இம்ப்ளான்டைத் தள்ளிவைத்து, சுகர் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். சீழ் பிடித்த பல் என்றால் அந்தக் கணக்கு வேறு. அதைக் காக்க வைக்க முடியாது. சிகரெட் பிடிப்பவர்களிடம் முதல் பேச்சே அதை நிறுத்துவது பற்றித்தான்.

ரத்தம் நீர்த்துப்போக மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், என்ன மாத்திரை என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ரத்தம் எடுப்பார்கள் என்று கேட்டதும் லேப் டெஸ்ட் என்று நினைத்து, வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கை நடுங்கி, வியர்த்து, சுகர் இறங்கிவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிகிச்சைதான் இது. இட்லியோ தோசையோ வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு, முடிந்தால் காலையிலேயே வாருங்கள்.