கருங்கல்லை ஏன் உருட்டுகிறார்கள், இடிக்கிறார்கள், ஊறவைக்கிறார்கள்?

மட்டக்களப்பு எழுவான்கரையில், அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில், கிணறு வெட்டினால் மணல் வரும், தண்ணீர் வரும், கல் வராது. கல் இருப்பது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல்களையும் தாண்டி மேற்கே, மொட்டைப் பாறைகள் தலைகாட்டும் இடங்களில். அம்பாறை மாவட்டத்திலும் இதே கதைதான். கல்முனை, அக்கரைப்பற்று என்று சனம் நெருக்கமாக வாழ்வது கடலோரத்தில், பாறை கிடப்பது உள்நாட்டில். ஆகவே கரையோரத்தில் எந்தக் காபட் வீதி (கல்லையும் தாரையும் கலந்து போடும் வீதி) போட்டாலும் அதற்கான கல் டிப்பரில் ஏறித்தான் வரவேண்டும். நூறு கன அடி ஒரு கியூப் என்ற கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற பொருள் அது. கொட்டிய குவியலைப் பார்த்தால் எல்லாக் குவாரிக் கல்லும் ஒன்றுபோலவே தெரியும். "நல்ல கல்லு சேர், சுத்தியலால அடிச்சாலும் உடையாது" என்பார் கொண்டுவந்தவர். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

என்னைக் கேட்டால், கிழக்கில் கல்லின் வலிமையைப் பற்றி நாம் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறோம். அதன் வடிவம் எப்படி, உக்கிய துண்டு எவ்வளவு கலந்திருக்கிறது, மழையில் ஊறிய பிறகும் தாரைப் பிடித்து வைத்திருக்குமா என்பவற்றைத்தான் கூடுதலாக விசாரிக்கவேண்டும். வீதிக்கு வரும் கல்லைச் சோதித்த ஆய்வுகூட அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது வலிமையைச் சொல்லும் எண்ணுக்கு. அதற்குக் கீழே இருக்கும் வரிகளில்தான் விஷயம் இருக்கிறது.

இலங்கையின் கிழக்கும் தென்கிழக்கும் நிலவியலில் விஜயன் தொகுதி எனப்படும் பாறைகளின் மேல் இருக்கின்றன. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள் பழமையான நைஸ் பாறைகள். மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதால் வெள்ளை வரியும் கறுப்பு வரியுமாக இருக்கும். வெள்ளை வரியில் குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும், கறுப்பு வரியில் ஹோர்ன்பிளென்ட்டும் பயோற்றைற்று என்ற கறுப்பு மைக்காவும். ஒரு சல்லியை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். கறுப்பு வரியில் மினுக் மினுக்கென்று தெரிவது மைக்கா. நகத்தால் சுரண்டினாலே செதில் செதிலாக வரும். மற்றக் கனிமங்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மைக்கா கூடிய வரி வழியாகக் கல் பிளக்கும். நிலமட்டத்துக்கு அருகில் மழைநீர் இறங்கி முதலில் உக்குவதும் அதுதான். இந்த ஒரு கனிமத்தை மனதில் வைத்துக்கொண்டால், ஆய்வுகூடத்தில் நடக்கும் பாதி வேலைக்குக் காரணம் விளங்கிவிடும்.

முதல் வேலை குவியலடியில் நடக்கிறது, அதில்தான் ஏமாற்றவும் ஏமாறவும் இடம் அதிகம். கூம்பாகக் கொட்டிய குவியலில் பெரிய கற்கள் உருண்டு அடிவாரத்துக்குப் போய்விடும், பொடியும் சிறு கல்லும் நடுவில் தங்கிவிடும். ஓரத்தில் நின்று ஒரு சவள் அள்ளிப் பையில் போட்டால் அந்தப் பையில் இருப்பது குவியல் ஆகாது. அதனால் அடி, நடு, மேல் என்று பல இடத்தில், மேற்பரப்பைக் கொஞ்சம் நீக்கிவிட்டு அள்ளவேண்டும். 20 மில்லிமீற்றர் அளவுக் கல் என்றால் ஏறத்தாழ 25 கிலோவாவது வேண்டும். அதை ஆய்வுகூடத்தில் கொட்டிக் கலந்து, தட்டையாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு பங்கை ஒதுக்கிவிடுவார்கள். மிச்சத்தைத் திரும்பவும் கலந்து, திரும்பவும் நான்காக்கி, தேவையான நிறை வரும்வரை இப்படியே. பார்க்க வீண்வேலை மாதிரி இருக்கும். ஆனால் இதில் கைவைத்தால் அதற்குப் பிறகு வரும் இயந்திரம் எதுவும் உதவாது. நல்ல துண்டாகப் பொறுக்கி எடுத்த பைக்கு நல்ல எண்தான் வரும்.

இனி, கல்லை உருட்டி அடித்துப் பார்க்கும் பெரிய உருளை, லொஸ் ஏஞ்சலிஸ் தேய்மானச் சோதனை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் மாநகர ஆய்வுகூடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் உருவானதால் ஊர்ப்பெயரே சோதனைக்கும் நிலைத்துவிட்டது. அதற்கு முன் பிரான்சிலிருந்து வந்த டெவால் இயந்திரம் இருந்தது. அதில் 10,000 சுற்றுக்கு ஐந்து மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். லொஸ் ஏஞ்சலிஸ் உருளை கால் மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிடும்.

உருளையின் உள்விட்டம் 711 மில்லிமீற்றர், உள்நீளம் 508. உள்ளே ஓர் இரும்புத் தட்டு 89 மில்லிமீற்றர் துருத்திக்கொண்டு நிற்கும். கழுவி, அடுப்பில் உலர்த்தி, அரிதட்டில் அளவு பிரித்த கல் 5,000 கிராம் போடுவார்கள். கூடவே இரும்புக் குண்டுகள். ஒவ்வொன்றும் 400 கிராம் சொச்சம் இருக்கும். கல்லின் அளவைப் பொறுத்துக் குண்டுகளின் எண்ணிக்கை மாறும், பெரிய கல்லுக்கு 12, சிறியதற்கு 6 வரை இறங்கும். மூடியை முறுக்கி, நிமிடத்துக்கு 30 முதல் 33 சுற்று என்ற வேகத்தில் 500 சுற்று. துருத்திய தட்டு கல்லையும் குண்டையும் அள்ளி மேலே கொண்டுபோய் அங்கிருந்து விழுத்தும். சத்தம் காதைப் பிய்க்கும், பக்கத்தில் நின்று கதைக்க முடியாது. ஆகவே பெயரில் தேய்மானம் என்று இருந்தாலும் அங்கே நடப்பதில் தேய்ப்பைவிட அடிதான் அதிகம்.

முடிந்ததும் கொட்டி, 1.70 மில்லிமீற்றர் அரிதட்டில் அரிப்பார்கள். மேலே 3,350 கிராம் நின்றால் 1,650 கிராம் பொடியாகிவிட்டது, அதாவது 33 சதவீத இழப்பு. எண் குறையக் குறையக் கல் உறுதி. வீதியின் எந்தப் படைக்கு என்பதைப் பொறுத்து விவரக்குறிப்புகள் வைக்கும் எல்லை வேறுபடும், பொதுவாக 30க்கும் 40க்கும் இடையில் எங்கேயாவது இருக்கும். மேல்படைக்குக் கண்டிப்பு அதிகம்.

இந்தச் சோதனையில் பலர் செய்யாமல் விடும் ஒரு சின்ன வேலை இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடிக்கும். 500 சுற்றையும் ஒரே மூச்சில் ஓடவிடாமல் 100இல் நிறுத்தி, கழுவாமல் அரித்து, இழப்பை நிறை பார்த்துக் குறித்துக்கொள்வது. பிறகு பொடி உட்பட எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டு மிச்சம் 400 சுற்றையும் ஓட்டுவது. கல் எல்லாம் ஒரே தரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு இழப்புத்தான் வரும், விகிதம் 0.20ஐ ஒட்டி நிற்கும். அது நன்றாகக் கூடினால், நல்ல கல்லோடு உக்கிய கல்லும் கலந்திருக்கிறது. உக்கியவை முதல் 100 சுற்றிலேயே நொறுங்கிவிட்டன, நல்லவை பிறகு தாக்குப்பிடித்தன. கடைசி எண் எல்லைக்குள் இருக்கலாம், அறிக்கையும் தேர்ச்சி என்று சொல்லலாம். ஆனால் குவாரியின் மேல்பக்கத்து மஞ்சள் பூத்த கல்லையும் அடிப்பாறைக் கல்லையும் சேர்த்து உடைத்திருக்கிறார்கள் என்பதை அந்த விகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

மோதல் சோதனைக்கு மின்சாரமும் தேவையில்லை. 14 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சம்மட்டி 380 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 15 தடவை விழும். கிண்ணத்தில் இருப்பது 10க்கும் 14 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட அளவுக் கல். அடி முடிந்ததும் 2.36 மில்லிமீற்றர் அரிதட்டு வழியாக எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 20 சதவீதத்துக்குள் என்றால் வலுவான கல், 30 வரை மேல்படைக்குச் சமாளிக்கலாம், 35ஐத் தாண்டினால் வேண்டாம். கருவியைக் குவாரிக்கே தூக்கிக்கொண்டு போகலாம் என்பது பெரிய வசதி. நசுக்கல் சோதனை இதன் பெரியண்ணன். 154 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குழாயில் கல்லை நிரப்பி, பத்து நிமிடத்தில் 400 கிலோநியூட்டன் வரை அழுத்துவார்கள். கணக்குப் போட்டால் லொறி டயரின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 30 மடங்கு வரும். இது அநியாயம் என்று தோன்றும். ஆனால் வீதிக்குள் ஒரு கல் பக்கத்துக் கல்லைத் தொடுவது ஒரு சின்ன முனையில்தான், அந்த முனையில் ஏறும் பாரம் டயர் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. போதாததற்கு, வாகனம் ஓடுமுன்னரே ரோலர் ஏறி மிதித்துவிடுகிறது. கல் அதிகம் உடைவது பல வேளைகளில் அந்த நாளில்தான்.

வடிவத்துக்கு வருவோம். வரிவரியாகப் பிளக்கும் நைஸ் பாறையை, தாடைபோல் இரண்டு தட்டுக்கு இடையில் நசுக்கும் ஜோ கிரஷரில் ஒரே அடியாகப் பெரிதிலிருந்து சிறிதாக உடைத்தால் தட்டையான சில்லுகள் நிறைய விழும். தட்டைவடை மாதிரித்தான், கையில் எடுத்தால் கெட்டியாக இருக்கும், இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் அழுத்தினால் டக்கென்று முறியும். கல்லின் பொருளில் ஒரு குறையும் இருக்காது. மெல்லியதாக இருப்பதுதான் குறை.

சோதனை மிக எளிது. 14க்கும் 20க்கும் இடைப்பட்ட கற்களின் சராசரி அளவு 17 மில்லிமீற்றர். அதில் 0.6 பங்கு, 10.2 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு நீள்துளை வெட்டிய தகடு இருக்கும். அந்தத் துளையால் நுழைகிற கல் தட்டைக் கல். நீளத்துக்கும் இதேபோல ஓர் அளவு உண்டு, சராசரியின் 1.8 மடங்கைத் தாண்டினால் நீட்டுக் கல். ஒவ்வொரு கல்லாகக் கையால் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். இருபது கிலோமீற்றர் வீதியின் ஆயுளில் பங்குள்ள எண், யாரோ ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு மத்தியானம் முழுக்கக் குனிந்திருந்து எடுத்தது. இதில் தோற்ற கல்லுக்கு மருந்தும் உண்டு. கோன் கிரஷர் அல்லது மோதி உடைக்கும் கிரஷரில் இன்னொரு கட்டமாக உடைத்தால் முனைகள் சீராகிக் கனசதுரத்துக்குக் கிட்ட வரும். செலவு கூடும், அதனால் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.

நீர் உறிஞ்சும் சோதனையில் கல்லை 24 மணித்தியாலம் ஊறவைத்து, துணியால் மேல்ஈரத்தைத் துடைத்து நிறுத்து, பிறகு 105 பாகை செல்சியஸ் அளவில் அடுப்பில் உலர்த்தி மறுபடி நிறுப்பார்கள். பழுதில்லாத நைஸ் ஒரு சதவீதம்கூடக் குடிக்காது. கூடக் குடித்தால் அது உக்கத் தொடங்கிய கல். சோடியம் அல்லது மக்னீசியம் சல்பேற்றுக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவதை ஐந்து சுற்றுத் திருப்பிச் செய்யும் சோதனையும் உண்டு. நுண்துளைக்குள் உப்புப் பளிங்கு வளர்ந்து கல்லை உள்ளிருந்து பிளக்கப் பார்க்கும். பனி உறைந்து கல் வெடிக்கிற நாடுகளுக்காக முக்கியப்பட்ட சோதனை இது. மட்டக்களப்பில் தண்ணீர் உறைந்ததை யார் கண்டது? ஆனாலும் உக்கிய கல்லைப் பிடிக்க இது உதவும் என்பதால் பட்டியலில் இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றித்தான் இன்னும் சொல்ல இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறங்கினால் வாவியோர வீதிகளும் வயலுக்கு நடுவே போகும் வீதிகளும் நாட்கணக்கில் ஈரத்தில் கிடக்கும், சில முழுவதும் மூழ்கும். மழை விட்டதும் மேற்பரப்பில் கறுப்புப் போய் வெறும் வெள்ளைச் சல்லி உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடுத்துப் பாருங்கள், கல் உடைந்திருக்காது. தார்தான் கழன்றிருக்கும்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. நம் நைஸ் பாறையில் சிலிக்கா அதிகம். சிலிக்கா மேற்பரப்புக்குத் தண்ணீர் மேல் இருக்கும் ஈர்ப்பு, தார் மேல் இருப்பதைவிடக் கூடியது. மசகெண்ணெயைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் கனமான பகுதியான தாரில் கொஞ்சம் அமிலத்தன்மையும் உண்டு, அதற்குச் சுண்ணாம்புத்தன்மையுள்ள மேற்பரப்புத்தான் பிடித்தமானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைத் தார் நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்தக் கல் மென்மையானது, டயர் பட்டுப்பட்டு வழவழப்பாகிவிடும். எங்களுடையது நேர்மாறு, தேயாது, ஆனால் தண்ணீர் வந்தால் தாரைக் கைவிட்டுவிடும். டயர் ஒவ்வொரு தடவையும் ஏறும்போது சின்ன வெடிப்புக்குள் நிற்கும் நீரை அழுத்தி உள்ளே தள்ளுகிறது, அது தாருக்கும் கல்லுக்கும் இடையில் புகுந்து உரித்தெடுக்கிறது.

இதற்கு எளிய சோதனை, தார் பூசிய கல்லை 40 பாகை நீரில் 24 மணித்தியாலம் வைத்து, எவ்வளவு பரப்பில் தார் உரிந்திருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவது. 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். கண்மதிப்பீடு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. கொஞ்சம் செலவானாலும் இழுவிசை ஒப்பீடு நேர்மையானது. காபட் கலவையில் ஒரே மாதிரியான உருளைத் துண்டுகளை வார்த்து, பாதியை உலர்ந்தபடி வைத்திருந்து, மற்றப் பாதிக்குள் வெற்றிடத்தால் நீரை ஏற்றி, 60 பாகை நீரில் ஒரு நாள் ஊறவிடுவார்கள். பிறகு எல்லாவற்றையும் 25 பாகைக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் அழுத்திப் பிளப்பார்கள். நனைந்த துண்டு உலர்ந்த துண்டின் பலத்தில் 80 சதவீதத்தையாவது காட்டவேண்டும்.

காட்டாவிட்டால் கல்லை வீசத் தேவையில்லை. நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கல்லின் நிறையில் ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம் கலந்தால், கல்சியம் தாரில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து நீரில் கரையாத உப்பாகிக் கல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். தாரோடு கலக்கும் ஒட்டுதிரவங்களும் சந்தையில் இருக்கின்றன. கலவைத் தொழிற்சாலையில் சுண்ணாம்புக்கென்று தனித்தொட்டி வைக்கவேண்டி வரும், அவ்வளவுதான்.

ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் எண்களுக்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்க்கச் சொல்வேன்: மாதிரியை எடுத்தது யார், குவாரியின் எந்த முகத்திலிருந்து. வெடிவைத்து முன்னேற முன்னேறப் பாறை மாறும். மைக்கா வரி ஒன்று குறுக்கே ஓடினால் போன மாதத்துக் கல்லும் இந்த மாதத்துக் கல்லும் ஒன்றல்ல. புது முகம் திறந்தால் பையும் புதிதாகத்தான் நிரம்பவேண்டும், உருளையும் மறுபடி சுற்றத்தான் வேண்டும்.