புது மருந்துக்கு என்எச்எஸ் காசு தராது என்று சொன்னால்

இங்கிலாந்தில் ஒரு புது மருந்துக்கு என்எச்எஸ், அதாவது அரசு மருத்துவ சேவை, காசு கொடுக்கலாமா என்று சொல்வது நைஸ் என்ற அமைப்பு. நல்ல சுகத்தோடு ஒருவர் ஒரு வருடம் கூடுதலாக வாழ எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்ப்பார்கள். பல வருடங்களாக அதன் எல்லை 20,000 முதல் 30,000 பவுணாக இருந்தது; 2025 இறுதியில் அதை உயர்த்துவதாக அறிவித்தார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

நைஸ் பரிந்துரைத்த மருந்து பொதுவாக மூன்று மாதத்துக்குள் கிடைக்க வேண்டும். அது உங்களுக்குப் பொருந்தும் என்று வைத்தியர் சொன்னால், அது உங்கள் உரிமை. "பட்ஜெட் இல்லை" என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

ஆனால் பரிந்துரையைக் கடைசி வரி வரை வாசியுங்கள். "ஏற்கெனவே இரண்டு சிகிச்சை எடுத்தவர்களுக்கு மட்டும்" என்பது போல ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கலாம். பலர் விழுவது இங்கேதான். முதல் சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள்: "இதை எடுத்தால் பிறகு எந்த மருந்து எனக்குக் கிடைக்காமல் போகும்?"

நைஸ் இன்னும் முடிவு சொல்லாத மருந்தென்றால், தனிநபர் நிதிக் கோரிக்கை என்று ஒரு வழி உண்டு. அதை நீங்கள் போட முடியாது, வைத்தியர்தான் போட வேண்டும். ஜீபீ (குடும்ப வைத்தியர்) கன்சல்டன்டைக் (ஆஸ்பத்திரி நிபுணரை) கேட்கச் சொல்வார், கன்சல்டன்ட் போட்டும் பயனில்லை என்பார். சுகமில்லாத மனிதரை இப்படி அலைக்கழிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். யார், எந்தத் தேதிக்குள் போடுவார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இப்படி ஒரு கோரிக்கை போட்ட அக்காவுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பற்றிக் குடும்பமே பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருந்தது. மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள், வேலை, வீட்டு நிலைமை எதையும் கோரிக்கையை முடிவு செய்யும் குழு கணக்கில் எடுக்காது. அதே நோய், அதே கட்டத்தில் உள்ள மற்றவர்களைவிட இவருடைய உடல்நிலை எப்படி வேறு, இந்த மருந்தால் இவருக்கு ஏன் கூடுதல் பலன் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் வைத்தியரின் கடிதத்தில் இருக்கிறதா என்று அனுப்பும் முன் கேட்டுப் பாருங்கள். உங்களைப் போலவே பலர் இருந்தால் கோரிக்கை நிற்காது.

அப்புறம், நகையை விற்றுத் தனியாரில் தொடங்கிவிட்டால் பிறகு என்எச்எஸ் பொறுப்பெடுக்கும் என்று நம்ப வேண்டாம். அது தானாக நடக்காது. மருந்துக் கம்பெனி இலவசமாகத் தரும் திட்டமோ, மருந்துப் பரிசோதனையோ இருக்கிறதா என்று முதலில் கன்சல்டன்டிடம் கேளுங்கள். ஸ்கொட்லாந்தில் தம்பிக்குக் கிடைத்தது என்று இங்கே வாதாடியும் பலனில்லை, அங்கே முடிவெடுப்பது வேறு அமைப்பு.

மறுப்புக் கடிதம் வந்தால் மறுபரிசீலனைக்கான கடைசித் தேதியைப் பாருங்கள். குழு விதிப்படி நடந்ததா என்பதை மட்டுமே அதில் பார்ப்பார்கள். புது ஸ்கேனோ புது ரிப்போர்ட்டோ கையில் இருந்தால், வைத்தியரைக் கொண்டு புதிதாகவே அனுப்புங்கள்.