முருகைத் தொட்டியில் கல் அடுக்கும் அறிவியல்

வீட்டில் பெரிய கடல்நீர்த் தொட்டி ஒன்று வைக்கப்போவதாகச் சொன்னால், என்ன மீன் விடப்போகிறீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். முருகைகள், அதாவது பவளங்கள், வளரவேண்டிய தொட்டிக்கு மீன் மிகவும் பிந்தி வருவது. அதற்கு மாதக்கணக்கில் முன்பே முடிவாகவேண்டியது கல். எவ்வளவு கல், எத்தகைய துளையுள்ள கல், அதை எப்படி அடுக்குவது, எங்கே வெறுமையாக விடுவது என்பவற்றிலேயே அந்தத் தொட்டியின் ஆயுள் தங்கியிருக்கிறது. கல் அடுக்குவதில் அழகு உண்டு. அதோடு, தொட்டி சுவாசிப்பதும் தன் கழிவைச் செரிப்பதும் அந்த அடுக்குக்குள்தான்.

இதை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜகார்த்தாவில் வசித்த லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த கற்களையும் மெதுவாக எழும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் நம்பி, வடிகட்டி எதுவும் இல்லாமல் முருகைகளை வளர்த்து, 1961இல் அந்த முறையை எழுதி வெளியிட்டார். ஜகார்த்தாவும் கொழும்பைப் போலவே வெயிலும் ஈரமும் நிறைந்த கடலோர நகரம். அவருடைய தொட்டியில் நீரைச் சுத்தம் செய்தவை அந்தக் கற்களே.

கல்லுக்குப் போகும் முன் பாரத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இன்று பெரும்பாலானோர் குடியிருப்பது தொடர்மாடிகளில். 180 சென்ரிமீற்றர் நீளமும், 60 அகலமும், 60 உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 650 லீற்றர் கொள்ளும். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுப் பாரமானது என்பதால் நீர் மட்டுமே 660 கிலோவைத் தாண்டும். கண்ணாடி, கல், மணல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 900 கிலோவை நெருங்கும். குடியிருப்புத் தளங்கள் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ சுமையை எண்ணியே வழக்கமாக வடிவமைக்கப்படுகின்றன. இந்தத் தொட்டியோ தான் நிற்கும் ஒரு சதுர மீற்றர் இடத்தில் 800 கிலோவுக்கு மேல் அழுத்தும். ஆகவே தூணுக்கும் உத்திரத்துக்கும் அருகே சுவரோரமாக வைப்பதே முறை. கட்டடப் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டாமல் மேல்மாடியில் இதை வைக்கக்கூடாது. முன்கண்ணாடியின் மீது நீர் செலுத்தும் மொத்த விசையும் 330 கிலோ எடைக்கு நிகரானது.

அடுத்தது நீர். எதிரே கடல் இருக்கும்போது உப்புப் பொதிக்கு ஏன் காசு செலவழிப்பது என்று தோன்றும். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்தின் கழிவோடு கலப்பது அதே கரையில்தான். வடக்கே முகத்துவாரத்தில் களனி ஆறு விழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரைநீர் கலங்கி மண்ணிறமாகிவிடும். ஆகவே குழாய் நீரை ஆர்.ஓ. எனப்படும் நுண்சவ்வு வடிகட்டியில் செலுத்தி, குளோரினையும் கரைந்த தாதுக்களையும் நீக்கி, அதில் முருகைகளுக்கென்று தயாரிக்கப்பட்ட உப்பை லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்பு இருக்கும்படி கரைப்பதே பாதுகாப்பானது.

சமையல் உப்பு உதவாது. ஆனையிறவிலும் புத்தளத்திலும் உப்பளப் பாத்திகளில் நடப்பதைக் கவனித்தால் காரணம் புரியும். கடல்நீர் வற்ற வற்ற, முதலில் படிவது கல்சியம் காபனேற்றும் கல்சியம் சல்பேற்றும். அதன்பின் சோடியம் குளோரைட்டு பளிங்காகத் திரள்கிறது. மக்னீசியம் கடைசிவரை கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. எனவே நமது கைக்கு வரும் உப்பில், முருகை தன் எலும்பைக் கட்டுவதற்கு வேண்டிய கல்சியமும், நீரில் அந்தக் கல்சியம் வீணே படிந்துவிடாமல் தடுக்கும் மக்னீசியமும் மிகக் குறைவு. இயற்கைக் கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் கல்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலும், மக்னீசியம் 1300 மில்லிகிராம் அளவிலும் இருக்கின்றன.

இனிக் கல். மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா வருகிறது. கடல்நீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 8.2 அளவில் காரமாக இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் உள்ளதைவிட அந்த அமோனியாவில் நஞ்சான பங்கு அதிகம். கல்லின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதை ஒட்சிசனைக் கொண்டு நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். மண்ணில் நடக்கும் இந்த இரண்டு படிகளையும் 1890 அளவில் பிரித்து அறிந்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி. கடலிலும் நடப்பது இதுவே.

கதை அங்கே முடிவதில்லை. துளையுள்ள கல்லுக்குள் நீர் கசிந்து போகும்போது, வெளியடுக்கில் உள்ள பற்றீரியாக்களே ஒட்சிசனை எல்லாம் குடித்துவிடுகின்றன. உள்ளே ஒட்சிசன் அற்ற இருட்டில் வாழ்பவை நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு, எஞ்சும் நைதரசனை வாயுவாக வெளியே விடுகின்றன. அந்த வாயு நீரிலிருந்து வளிக்குப் போய்விடும். கழிவு தொட்டியை விட்டு நிரந்தரமாக வெளியேறும் வழி இது. வழுவழுப்பான கருங்கல்லில் முதற்பகுதி மட்டுமே ஓரளவு நடக்கும். இரண்டாவது பகுதிக்குத் துளையும் ஆழமும் தேவை.

எங்கிருந்து எடுப்பது? கடலிலிருந்து எடுக்கக்கூடாது. இலங்கையில் கடின முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கரையோர வலயத்தில் முருகைக்கல் தோண்டுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். 2004 ஆழிப்பேரலையின்போது முருகைப்பார் காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்தோடு கரையோரத்திலேயே அடங்கியது. சில கிலோமீற்றர் வடக்கே, முருகைக்கல் வெட்டி எடுக்கப்பட்டிருந்த பெரலியவில் ஏறத்தாழ பத்து மீற்றர் உயர அலை ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே புகுந்து ரயிலையே புரட்டிப்போட்டது. பின்னர் ஆராய்ந்தவர்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டே எழுதினார்கள். ஆகவே தொட்டிக்குச் சுட்ட மண்ணாலோ சீமெந்தாலோ துளைகளோடு செய்யப்பட்ட செயற்கைக் கல் போதும். அதில் பற்றீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அமோனியாக் கரைசலைச் சிறிது ஊற்றி, அளவுச் சோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு இறங்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். முருகையை வாங்கும்போதும், வளர்ப்பில் பெருக்கப்பட்டதற்கான பத்திரங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

முன்பெல்லாம் பத்து லீற்றருக்கு ஒரு கிலோவுக்கும் மேல் என்று கணக்கிட்டுப் பின்கண்ணாடி முழுவதும் மதிலாகக் கல்லைக் குவித்தார்கள். பார்வைக்கு நிறைவாக இருக்கும். ஆனால் மதிலின் பின்னால் நீர் நின்றுவிடும். அங்கே கழிவு படிந்து, ஒட்சிசன் அற்றுப்போய், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு உருவாகும். நல்ல துளையுள்ள கல்லானால் அந்தக் கணக்கில் பாதி போதும். அதை இரண்டு அல்லது மூன்று தீவுகளாகப் பிரித்து, நான்கு பக்கக் கண்ணாடியிலிருந்தும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்தவேண்டும். பெரிய தீவை நடுவில் வைக்காமல், நீளத்தை 1.6க்கு 1 என்று பிரிக்கும் புள்ளியில் வைத்தால் கண் தானாக அதில் போய்த் தங்கும். 180 சென்ரிமீற்றர் தொட்டியில் அந்தப் புள்ளி ஒரு முனையிலிருந்து 111 சென்ரிமீற்றரில் விழும். உயரம் நீர்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடாது. கிளைவிடும் முருகைகள் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

முதலில் கல், பிறகுதான் மணல். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. மணலில் வளை தோண்டும் ஒரு சிறிய இறாலும் கோபி மீனும் ஒரே வளையில் சேர்ந்து வாழ்வதைப் பலர் விரும்பி வளர்க்கிறார்கள். இறாலுக்குக் கண் மங்கல். அது மணலை இரண்டு கொடுக்குகளாலும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, ஓர் உணர்கொம்பு எப்போதும் மீனின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆபத்தைக் கண்டு மீன் வாலை ஒரு துடிப்புத் துடித்தால் போதும், இறால் உள்ளே மறைந்துவிடும். அழகான கூட்டு, ஆனால் இறால் தோண்டுவதை நிறுத்துவதே இல்லை. மணல்மேல் உட்கார்ந்த கல்லின் அடி பறிபோனால் அது கண்ணாடியில் சரியும். ஆகவே அடிக்கல் தொட்டியின் அடித்தளத்திலேயே அமரவேண்டும். வளைவுகளை இணைக்க அக்ரிலிக் சலாகையும் சீமெந்தும் பயன்படும். இரும்பு ஆகாது. மணல் மூன்று நான்கு சென்ரிமீற்றர் போதும். அது கல்சியம் காபனேற்று மணலா என்று அறிய ஒரு சிட்டிகையில் வினாகிரி விட்டால் பொருபொருவென்று நுரைக்கும். வெள்ளவத்தைக் கரைமணல் பெரும்பாலும் படிகக்கல் துகள். அதில் சிப்பித் துண்டுகள் மட்டும் நுரைத்து அடங்கும்.

வெற்றிடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முருகை இடம்பெயராத விலங்கு. ஒட்சிசனும் உணவும் அதைத் தேடி வரவேண்டும், கழிவு அதை விட்டுப் போகவேண்டும். அதன் தோலை ஒட்டி அசையாத நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரோ அதற்கும் குறைவோதான் என்றாலும், அதற்குள் பொருள்கள் மிக மெதுவாகப் பரவியே கடக்கமுடியும். காற்று வீசினால் ஈரத்துணி விரைவில் உலர்வதுபோல, நீரோட்டம் வேகமாகும்போது இந்தப் படலம் மெலிகிறது. ஆகவே 650 லீற்றர் தொட்டிக்கு மணிக்குப் பதின்மூவாயிரம் லீற்றருக்குக் குறையாத நீரோட்டம் வேண்டும். அதுவும் ஒரே திசையில் பீய்ச்சியடிக்காமல், இரு முனைகளிலும் உள்ள மோட்டார்கள் மாறி மாறி இயங்கி அலைபோல் போய்வரவேண்டும். தீவுகளுக்கு இடையே உள்ள வாய்க்கால்களில்தான் அந்த அலை ஓடும்.

வெற்றிடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. முருகைகள் தங்களுக்குள் போர் செய்பவை. கலக்சியா என்ற வகை, அயலில் இன்னொன்று வளர்ந்தால் இரவில் 20 சென்ரிமீற்றருக்கும் மேலான நீண்ட உணர்கொம்புகளை ஓட்டத்தில் மிதக்கவிட்டு அதைக் கொட்டிக் கொன்றுவிடும். மென்முருகைகள் நீரில் நச்சு இரசாயனங்களைக் கசியவிடும். தனித்தனித் தீவு என்பது அவற்றுக்கு இடையிலான எல்லைக்கோடு.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முருகையின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளித்தொகுப்பு மூலம் செய்யும் உணவே பல முருகைகளின் சக்தித் தேவையில் 90 சதவீதம்வரை ஈடுசெய்கிறது. கடல்நீர் சிவப்பை விரைவில் விழுங்கிவிடும். ஆழத்துக்குப் போவது நீலம். எனவே விளக்குகள் 450 நானோமீற்றர் அளவிலான நீலத்தை அதிகம் தருகின்றன. கல் உச்சியில் கூர்மையான ஒளியும் அடியில் நிழலும் இருப்பதால், ஒவ்வொரு முருகைக்கும் ஏற்ற தட்டு அடுக்கிலேயே அமைந்துவிடுகிறது.

கொழும்பில் முருகைத் தொட்டிக்கு உண்மையான எதிரி வெப்பம். வழக்கமான உச்ச வெப்பநிலையைவிட ஒரு பாகை மட்டும் கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பாசிகளின் ஒளித்தொகுப்பு பழுதாகி நச்சான ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகும். முருகை அந்தப் பாசிகளையே வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் என்ற முருகைப்பாரிலும் இப்படித்தான் பெரும்பகுதி அழிந்தது. திருகோணமலைப் புறாத்தீவு அந்த முறை பெரிதும் தப்பியது. வீட்டுத் தொட்டியை 26 பாகைக்கும் 27 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். சித்திரை மாத அறையோ 31 பாகை, அதற்கு மேல் மோட்டார்களும் விளக்குகளும் தரும் சூடு. நீர்மேல் விசிறி வைத்தால் ஆவியாகும் ஒவ்வொரு லீற்றரும் 650 லீற்றர் நீரை ஏறத்தாழ ஒரு பாகை குளிரவைக்கப் போதுமான வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் கொழும்பின் வளி ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. தை மாதத்து வறண்ட காற்றில் விசிறி நன்றாக வேலை செய்யும், பருவமழைக்கு முந்தைய புழுக்கத்தில் தடுமாறும். பெரிய தொட்டிக்கு நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் தவிர்க்கமுடியாத செலவு என்பதே என் முடிவு.

மின்தடையையும் கணக்கில் எடுக்கவேண்டும். 28 பாகைக் கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் ஒட்சிசனையே கொள்ளும், நன்னீரைவிடக் குறைவு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. அந்த நேரத்தில் மோட்டார் நின்றால் கல்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் மீன்களோடு ஒட்சிசனுக்குப் போட்டியிடும். பற்றரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை மீன் வாங்கும் முன்பே வாங்கிவைக்கவேண்டும்.

நுரைவடிக்கும் ஸ்கிம்மரின் வேலையைக் காண, ஆனி ஆடி மாதங்களில் காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் போதும். அலை உடையும் இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகத் தடித்த நுரை ஒதுங்கும். புரதம் போன்ற மூலக்கூறுகளின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை வளியை நாடும். ஆகவே அவை குமிழியின் தோலில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஸ்கிம்மர் அந்த நுரையைக் கிண்ணத்தில் ஏற்றி, அழுகும் முன்பே கழிவை வெளியே எடுத்துவிடுகிறது.

கடைசியாக எலும்பு. முருகை நீரிலிருந்து கல்சியத்தையும் இருகாபனேற்றையும் எடுத்துக் கல்சியம் காபனேற்றாகக் கட்டுகிறது. வளர வளர இரண்டும் நீரில் குறையும். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றும் நன்னீரில் தூய கல்சியம் ஐதரொட்சைட்டைக் கரைத்து, அதாவது சுண்ணாம்பு நீராக ஊற்றினால் இரண்டும் ஒன்றாகத் திரும்பும். தென்கரைச் சூளைகளில் முருகைக்கல்லை எரித்துச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இங்கே அதே வேதியியல் எதிர்த்திசையில் ஓடிச் சுண்ணாம்பு மீண்டும் முருகையாகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது, அதன் தூய்மை தெரியாது. வளிச்சீராக்கி ஓடும் மூடிய அறையில் மனிதர் விடும் மூச்சால் காபனீரொட்சைட்டு ஏறி, தொட்டியின் பி.எச். இறங்கும். சுண்ணாம்பு நீர் அதையும் ஈர்த்துக்கொள்ளும். அதன் பி.எச். 12க்கும் மேல் என்பதால் ஒரேயடியாக ஊற்றினால் அருகிலுள்ள முருகை கருகும். பாசிகள் ஒளியின்றிச் சுவாசம் மட்டும் விடும் இரவு நேரத்தில், ஓட்டம் மிகுந்த இடத்தில், சொட்டுச் சொட்டாக விடவேண்டும்.