ரிப்போர்ட் நார்மல் என்றால் வலி பொய்யா?

ஜூனில் பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அரசு மருத்துவமனை மனநல ஓபியில் ஒரு அம்மா தடிமனான பிளாஸ்டிக் ஃபைலை என் மேஜையில் வைத்தார். மூன்று ஸ்கேன், ஏகப்பட்ட ரத்தப் பரிசோதனை, ஒரு எண்டோஸ்கோப்பி. பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பையன், கழுத்தில் கறுப்புக் கயிறும் தாயத்தும். காலையானால் வயிற்றுவலி. பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, குடலேற்றம் என்று எண்ணெய் தடவி நீவியாயிற்று, மந்திரித்தும் ஆயிற்று.

"எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர். ஞாயித்துக்கிழமை வலிக்காது. மே மாச லீவு முழுக்க வலியே இல்ல. நடிக்கிறான். நீங்க ரெண்டு மிரட்டு மிரட்டி அனுப்புங்க."

அதன் பிறகும் இதே கதை தொடர்கிறது, நேற்று வந்தது ஐந்தாவது பிள்ளையின் ஃபைல். மிரட்டுவதற்கு எம்.டி. தேவையில்லை, வீட்டில் ஒரு மாமா போதும். (பையனின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ரிப்போர்ட் நார்மல் என்றால், தேடிய இடத்தில் புண்ணோ கல்லோ அடைப்போ இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். வலி இல்லை என்று எந்த ஸ்கேனும் சொல்லாது, சொல்லவும் முடியாது. வயிற்றைக் கலக்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நாம்தானே சொல்கிறோம்? பயமும் துக்கமும் வயிற்றில்தான் இறங்கும் என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் பாத்ரூமுக்கு ஓடினீர்கள்? அதை ஸ்கேன் எடுத்திருந்தால் அதுவும் நார்மல்தான். பெரியவருக்கு வந்தால் டென்ஷன், பிள்ளைக்கு வந்தால் நடிப்பா?

"ஸ்கூல் பஸ் போனதும் சரியாகிவிடுகிறதே" என்பார்கள். ஆமாம், பயந்த விஷயம் அன்றைக்குத் தள்ளிப்போய்விட்டது, வயிறு அடங்குகிறது. அதில் திருட்டுத்தனம் இல்லை. எதற்குப் பயம் என்று தேடத் துப்பு இருக்கிறது. இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1958-இல் இங்கிலாந்தில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோதே, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு உடலில் நோய் எதுவும் தென்படவில்லை.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் கேட்டேன்: "வலி வராத நாள்ல என்ன பண்ணுவ தம்பி?"

"ஸ்கூலுக்குப் போகணும்."

"போனா?"

தாயத்தை உருட்டிக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்துச் சொன்னான். "மத்தியானம் அப்பா குடிச்சிட்டு வருவாரு சார். நான் வீட்ல இருந்தா அம்மாவ அடிக்க மாட்டாரு."

டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டுக்குத் திறக்கிறது. அம்மா வீட்டில் தனியாகத் தையல் மெஷினில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் லீவிலும் பையன் எப்படியும் வீட்டில்தான். வலிக்கு என்ன அவசியம்? ஆறு மாதத்தில் ஒருவர்கூட அவனிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "அது எங்க வீட்டு விஷயம், இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன்" என்றார்.

பையனுக்கு நான் மாத்திரை எழுதவில்லை. மருந்து அப்பாவுக்குத் தேவைப்பட்டது. (தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவமனையில் வைத்து நிறுத்துவதே நல்லது.)

சரி, நீங்கள் என்ன செய்யவேண்டும்? எடை குறைகிறது, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலி, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் வலி: இதில் எது இருந்தாலும் முதலில் குழந்தை மருத்துவர்தான், என்னிடம் வராதீர்கள். அதெல்லாம் இல்லை என்றான பிறகு நாலாவது ஸ்கேனுக்கு அலையாதீர்கள். காலை எட்டு மணிக்கு யூனிஃபார்மோடு நிறுத்திவைத்து விசாரணை வேண்டாம். ராத்திரி சாப்பிட்ட பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் பேசுங்கள். டீச்சரா, பாத்ரூமா, பஸ்ஸில் கிண்டல் செய்யும் பையனா, வீடா என்று பொறுமையாகத் தேடுங்கள். அடிக்கவே கூடாது. ஆனால் மாதக்கணக்கில் வீட்டிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். விட்ட நாள் கூடக்கூடத் திரும்பப் போவது மலையாகிவிடும். பாதி நாளாவது அனுப்பப் பள்ளியில் பேசுங்கள்.

மனநல ஓபிக்கு வந்தால் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள் என்கிற பயம் இருக்கிறதா? 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மானஸ் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தயவுசெய்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

அந்த அப்பா போதை மீட்பு வார்டில் சேர்ந்து நாலாம் நாளே கிளம்பிப் போனார். அப்புறம் மனைவியின் அண்ணன் கூட்டிவர, திரும்ப வந்து சேர்ந்தார். பையன் போன மாதம் வந்தான். திங்கட்கிழமை இன்னும் வலிக்கிறதாம். "ரெண்டாவது பீரியடுக்குள்ள போயிடுது சார்" என்றான்.