கதவு ஏன் மூடவில்லை?

வழக்கறிஞர் ஒருவர் தம் வீட்டு மாடியை அலுவலகமாக மாற்றியிருந்தார். ஓராண்டுக்குள் கீழ் அறையின் கதவு நிலையில் இடிக்கத் தொடங்கியது. தச்சர் வந்து கதவின் மேல் விளிம்பை இழைத்துவிட்டுப் போனார். நான்கு மாதத்தில் மறுபடி இடித்தது, மறுபடி இழைத்தார். மூன்றாம் முறை இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லையாம். "கதவில் குறை இல்லை, மேலேயிருந்து ஏதோ அமுக்குகிறது. என்ஜினியரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். எங்கள் துறையில் பலருக்கு இல்லாத கண் அவருக்கு.

மாடி அறையின் நடுவே இரும்பு அலமாரிகள் முதுகோடு முதுகாக நின்றன. ஆள் உயரத்துக்கும் மேலே வழக்குக் கட்டுகள். கீழே வந்து கூரையின் அடியில் நூல் கட்டி அளந்தேன். நான்கு மீட்டர் அகலத்துக்கு நடுவில் 22 மில்லிமீட்டர் தொய்வு. 16-க்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வோம். தொய்ந்த தளம், எந்தச் சுமையும் தாங்குவதற்காகக் கட்டப்படாத ஒரு தடுப்புச் சுவரின்மேல் உட்கார்ந்து கதவு நிலையை நெருக்கிக்கொண்டிருந்தது.

"கான்கிரீட் தளம், காகிதத்தைத் தாங்காதா?" என்று வழக்கறிஞர் கேட்டார். இறுக அடுக்கிய காகிதம் கன மீட்டருக்கு 700 கிலோவைத் தாண்டும், தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வீட்டுத் தளத்தை வடிவமைக்கும்போது மனிதர்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரைதான் கணக்கில் எடுப்போம். கூட்டம் நின்று புழங்கும் மண்டபத்துக்கு அது 500 கிலோ. நூலக அடுக்கறைக்கு 600-க்கும் மேல். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று தளங்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கம்பியும் தளத்தின் தடிமனும்தான் வேறு.

கட்டடத்துக்குக் கட்டடம் எடை மட்டுமா மாறுகிறது? தகரக் கூரை போட்ட தொழிற்கூடத்தில் என் முதல் கவலை காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்பதுதான். அங்கே அஸ்திவாரம் கட்டடத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். கீழ்த்தளம் முழுவதும் வாகன நிறுத்தமாகவும் மேலே சுவர்கள் நிறைந்த வீடுகளாகவும் இருக்கும் அடுக்குமாடியில், நிலநடுக்கத்தின்போது அசைவெல்லாம் சுவரில்லாத அந்த ஒரு தளத்தில் குவியும். தூண்கள் அங்கேதான் முறியும். மருத்துவமனை நிலநடுக்கத்தில் இடியாமல் நின்றால் போதாது, மறுநாள் இயங்கவும் வேண்டும்.

பயன்பாட்டை நடுவழியில் மாற்றியதற்கு உலகமே பார்த்த உதாரணம் தென்கொரியாவின் சியோலில் இருந்த சாம்பூங் அங்காடி. நான்கு மாடிக்குத் திட்டமிட்ட கட்டடத்தைக் கட்டும்போதே அங்காடியாக மாற்றினார்கள். நகரும் படிக்கட்டுக்கு இடம் வேண்டித் தூண்களை வெட்டினார்கள். மறுத்த ஒப்பந்ததாரரை நீக்கினார்கள். ஐந்தாம் மாடியும் ஏறியது, அதில் உணவகங்கள் வந்தன. மொட்டைமாடியில் இருந்த குளிர்சாதன இயந்திரங்களை இழுத்தே இடம் மாற்றியதில் தளம் விரிசல் கண்டது. பீம் இல்லாமல் தூண்களின்மேல் நேரடியாக அமர்ந்த தளம் அது. அத்தகைய தளத்தில் சுமை மிஞ்சினால், அட்டையைப் பென்சில் துளைப்பதுபோலத் தூண் தளத்தைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். 1995 ஜூன் 29 காலையிலேயே விரிசல்களைப் பார்த்து மேல் மாடியை மூடினார்கள், வியாபாரத்தை நிறுத்தவில்லை. மாலை ஆறு மணிக்குச் சற்று முன் கட்டடம் இடிந்து 502 பேர் இறந்தார்கள்.

வழக்கறிஞரிடம் கட்டமைப்பு வரைபடம் இருக்கிறதா என்று கேட்டேன். அறைகளின் அளவு காட்டும் பிளானைக் கொண்டுவந்தார். எல்லோரும் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எவ்வளவு இடைவெளியில் என்ற தாளை வீடு முடிந்த அன்றே தொலைத்துவிடுகிறார்கள். வீட்டுப் பத்திரத்தோடு அதையும் வைத்திருந்தால், கருவியால் கம்பியைத் தேடிய எனது இரண்டு நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

அலமாரிகளைத் தரைத்தளத்துக்கு இறக்கச் சொன்னேன். சில வாரங்கள் கழித்து அளந்தபோது தொய்வு 17 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. மீதி திரும்பாது, நீண்ட நாள் சுமந்த கான்கிரீட் அப்படித்தான். தடுப்புச் சுவரின் தலையில் சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்தோம். கதவை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு முறை இழைத்த பழைய கதவின் மேலே இப்போது விரல் நுழைகிற அளவுக்குச் சந்து.